ஜோ சொன்னதை மட்டும்

வண்டியூர், மதுரை.
பிப்ரவரி, ஞாயிறு, காலைப் பூசை முடிந்து வந்து.

அன்பு மகள் பெர்சிக்கு, அம்மா சொல்ல ஆன்மேரி எழுதுவது. ஆண்டவர் இரக்கத்தால் இங்கே நாங்கள் நான்கு பேரும் நலம், என் வலது கை மட்டும் நலமாகிக்கொண்டு இருக்கிறது. ராஞ்சிக் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, முகம் வாடாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலையில் உனக்கென்று ஒரு பத்து மணி தனியாகச் சொல்லிவருகிறேன். கையெழுத்து மாறியிருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதே. பொங்கலுக்கு மறுநாள் தெப்பக்குளத்து வளைவில் யாரோ கடித்துப் போட்டிருந்த கரும்புச் சக்கையில் ஸ்கூட்டி சறுக்கி, கையை ஊன்றி விழுந்துவிட்டேன், மணிக்கட்டில் விரிசல். மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். இந்த மாதக் கடைசியில் பிரித்துவிடுவார்களாம். உனக்கு அங்கே போன் கிடையாது, மாதம் ஒரு கடிதம்தான் என்பதால் இந்த மாதக் கடிதத்தை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. நான் சொல்வதை மட்டும் எழுத வேண்டும் என்று இவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

(அக்கா, அடைப்புக்குறிக்குள் இருப்பதெல்லாம் நான். சத்தியத்தில் அடைப்புக்குறி பற்றி எதுவும் சொல்லப்படவில்லை. இப்போது அம்மாவுக்கு நான்தான் வலது கை, ஆனால் வலது கைக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லையாம். வீட்டில் மாவாட்டுவது நின்றுபோனது. முன்பு கையில் மாவாட்டினார்கள், இப்போது கையே மாவில் இருக்கிறது. உங்கள் கடிதங்களைப் பிரித்துப் படிக்கிற சிஸ்டருக்கு என் ஸ்தோத்திரம்.)

அப்பாதான் சமையல். கல்லூரி அலுவலகத்தில் கோப்பு அடுக்குகிற மாதிரியே காய்கறிகளையும் நீளவாக்கில், அகலவாக்கில் என்று பிரித்து அடுக்கிவைத்துவிட்டு, கடைசியில் எல்லாவற்றையும் சாம்பாரில்தான் போடுகிறார். பக்கத்து வீட்டு அழகம்மாள் மதினி செவ்வாய், வெள்ளி தவிர மற்ற நாளெல்லாம் ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்து, குடித்து முடிக்கும்வரை வாசலை விட்டு நகர்வதில்லை. எலும்பு கூடுதோ இல்லையோ, டீச்சரு உடம்பு கூடிருச்சு என்று நேற்று தெருவில் வைத்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். நீ அங்கே சப்பாத்தி இறங்கவில்லை என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். சாதம் கேட்பதற்கு வெட்கப்படாதே, துறவறம் என்றால் பட்டினி என்று யாரும் சொல்லவில்லை. சாக்ஸ் போட்டுக்கொண்டு தூங்கு. இந்தி கற்றுக்கொள்கிறாயா, பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தப் போனால் அது வேண்டும். சரி, இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததே உன் தம்பி ஜோவைப் பற்றிச் சொல்லத்தான். அதைச் சொல்கிறேன்.

நீ போன ஜூனில் மடத்துக்குக் கிளம்பும்போது அவனைப் பத்தாம் வகுப்பில் சேர்த்துவிட்டுத்தான் போனாய். ஒன்பதாவது வரைக்கும் வகுப்பில் யாராவது ஒரு பையன் அவனுக்காக எழுதிக்கொடுப்பான், டீச்சர்களும் பார்த்துப் போட்டுவிடுவார்கள், அது உனக்குத் தெரியும். பொதுத்தேர்வு அப்படி இல்லை. விரல் பேனாவைப் பிடிக்காத பிள்ளைக்கு அரசாங்கமே ஒரு ஆள் தரும், இவன் சொல்லச் சொல்ல அவர் எழுதுவார், கூடுதலாக ஒரு மணி நேரமும் உண்டு. அதற்குப் பழக்க வேண்டும் என்று, வாரம் ஒருநாள் பள்ளிக்கு வருகிற சிறப்பாசிரியர் சத்யப்ரியா சொன்னதால், அரையாண்டுத் தேர்விலேயே அதே முறையில் தனி அறையில் எழுதவைத்தார்கள். அந்தப் பாடம் தெரிந்தவர் எழுதக்கூடாது என்பது விதி, அதனால் விளையாட்டு ஆசிரியர் கருத்தக்கண்ணன் சாரைப் போட்டார்கள். அலங்காநல்லூர்க்காரர், நல்ல வாட்டசாட்டமான ஆள், விசில் ஊதினால் அடுத்த தெரு நாய் உட்கார்ந்துவிடும்.

(அக்கா, எழுதுகிறவர் தன் கருத்தைச் சேர்க்கக்கூடாது என்பதுதான் விதி. அதனால் பரீட்சை அறைக்குள் அவர் கருத்தில்லாத கண்ணன். எழுத்து கபடிக் கோடு மாதிரி இருக்கும். ஒரு வரியில் மூன்று வார்த்தைதான் பிடிக்கும், கூடுதல் தாள் கட்டுக்கட்டாகப் போகும்.)

அந்தத் தேர்வுக்கு வீட்டில் எம்புட்டுப் பாடுபட்டோம் தெரியுமா. நீ பார்த்துவந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். பள்ளி விட்டு வந்து, முகம் கழுவி, காபி குடித்துவிட்டு, அவன் சக்கர நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்துவிடுவேன். அவன் பதில் சொல்வான், நான் எழுதுவேன், எழுதியதை நானே சிவப்புப் பேனாவில் திருத்தி மதிப்பெண் போடுவேன். எல்லாவற்றிலும் எண்பதுக்குக் குறையாது. அந்தத் தாள்களைக் கொண்டுபோய் என் பள்ளியில் ஆசிரியர் அறையில் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். அரையாண்டு முடிவு வந்தது. சமூக அறிவியலில் இருபதைத் தொடவில்லை, அறிவியலும் அப்படியே. தாளை வாங்கிப் பார்த்தால் ஒரு பதில்கூட முழுசாக இல்லை. கரிசல் மண்ணைப் பற்றி ஐந்து மதிப்பெண் வினா, அதற்குப் பதில் "கரிசல் மண் வந்து" என்று மட்டும் கொட்டை எழுத்தில் நின்றுகொண்டிருந்தது. அதற்குக் கீழே பாதிப் பக்கம் வெள்ளையாக இருந்தது. என் பிள்ளைக்குக் கரிசல் மண் தெரியாதா. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்.

அன்றைக்கே அப்பா தடுத்தும் கேட்காமல் பள்ளிக்குப் போய், மைதானத்தில் வைத்தே கருத்தக்கண்ணன் சாரைக் கேட்டேன். பிள்ளை மெதுவாகத்தான் பேசுவான், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்குவான், அவசரப்பட்டு அடுத்த கேள்விக்குப் போனால் எப்படி என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். அவர் முகம் சுருங்கிப்போனது. அவருக்கே அது முதல் தடவையாம், தப்பாக எழுதி பிள்ளை வாழ்க்கையைக் கெடுத்துவிடுவோமோ என்று முந்தின நாள் தூக்கமில்லையாம். "டீச்சர், நான் பேனாவத் தூக்கி வச்சுக்கிட்டு அவன் வாயத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அவன் என் வாயப் பாத்துக்கிட்டு இருந்தான். மணி அடிச்சிட்டாக," என்றார். நான் நம்பவில்லை. சோம்பேறித்தனத்துக்குச் சொல்கிற சாக்கு என்றுதான் நினைத்து, வணக்கம்கூடச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

தலைமையாசிரியர் இன்பசேகரன் சார் அடுத்த நாள் கூப்பிட்டு அனுப்பினார். கெட்ட மனிதர் இல்லை, ஜோவுக்காக வாசல்படியை உடைத்துச் சாய்தளம் போட்டுக்கொடுத்தவர். ஆனால் கேட்டில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று மூன்று வருடமாக பிளக்ஸ் தொங்குகிறது. நீங்களும் இந்தப் பிழைப்பில்தானே இருக்கிறீர்கள் டீச்சர், ஒரு பிள்ளை குறைந்தாலும் மேலே என்ன கேட்பார்கள் என்று தெரியாதா என்றார். இந்த வருடம் வீட்டில் இருந்து படிக்கட்டும், அடுத்த வருடம் தனித்தேர்வராக நிதானமாக எழுதட்டும், அவன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்றார். நான் அழுதுவிடக்கூடாது என்று மேசையில் இருந்த பூகோள உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொங்கல் கழித்துத் திருப்புதல் தேர்வு வருகிறது, அதையும் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் சார் என்று கேட்டு வாங்கி வந்தேன். ஆறாம் வகுப்பிலிருந்து இந்தப் பள்ளி. இவன் நாற்காலியைத் தள்ளுவதற்கென்றே கூடப் படிக்கிற அசோக்குமார் தினமும் மாட்டுத்தாவணியில் பஸ் மாறி முன்னாலேயே வந்து நிற்பான். வகுப்பில் எல்லோரும் பரீட்சைக்குப் போகும்போது இவன் மட்டும் வீட்டில் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருப்பதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் கரும்புச் சக்கை.

கை போனதும் எழுதுகிற வேலை ஆன்மேரிக்கு வந்தது. இவளைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் முருங்கைக்காயை வைத்து மூடி ஆபீசுக்கு அனுப்பியவள். வேறு ஆள் இல்லாமல்தான் உட்காரவைத்தேன். நான் கட்டிலில் சாய்ந்தபடி கேள்வி கேட்டேன், கரிசல் மண்ணின் பண்புகள் யாவை. ஜோ "கரிசல் மண்ணு வந்து..." என்று ஆரம்பித்து, நிறுத்தி, இவளைப் பார்த்தான். இவள் எழுதிவிட்டு நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "ம், எழுது" என்றான். அதையும் எழுதினாள். "ஏய்" என்றான், எழுதினாள். "பிசாசே" என்றான், அதையும் சுழிவிடாமல் எழுதினாள். பிறகு எழுந்து நின்று, தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கோயிலில் வாசகம் வாசிக்கிற குரலில், கரிசல் மண்ணு வந்து, ம் எழுது, ஏய், பிசாசே, என்று வாசித்து முடித்து, ஆண்டவரின் அருள்வாக்கு என்றாள். அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அப்பா பழக்க தோஷத்தில் இறைவா உமக்கு நன்றி என்றார்.

(அக்கா, இது சிரிப்புப் பாவமா, சாவான பாவமா என்று அங்கே கேட்டுச் சொல்லுங்கள். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன், பாதிரியார் சிரித்ததால் தண்டனையில் பாதி அவருக்கும் என்று நினைக்கிறேன்.)

ஜோ சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரியப் பார்த்தான். சிரிப்பு அடங்கியதும் கோபம் வந்துவிட்டது. முகம் சிவக்க, கழுத்தை ஒரு பக்கம் வெட்டிக்கொண்டு, எழுதுடி என்று சொல்லிவிட்டு மறுபடி ஆரம்பித்தான். கரிசல் மண்ணு வந்து, ஈரத்தை, என்று ஒவ்வொரு சொல்லாகக் கிணற்றிலிருந்து இழுக்கிற மாதிரி இழுத்தான். என்னால் பொறுக்க முடியவில்லை, ஈரத்தைப் பிடித்துவைக்கும், அதனால் பருத், என்று நான் ஆரம்பித்தேனோ இல்லையோ, அவன் என் பக்கம் திரும்பினான்.

"அம்மா. நீ சொல்லாத. நான் இன்னும் முடிக்கல."

அவ்வளவுதான் சொன்னான். குரலில் கோபம்கூட இல்லை, பஸ்ஸில் பக்கத்து ஆளைக் கொஞ்சம் நகரச் சொல்கிற மாதிரி சொன்னான். பிறகு அவன் பாட்டுக்கு அந்த வாக்கியத்தை முடித்தான். அடுப்பில் குக்கர் அடங்கி, அப்பா அதைத் திறந்து, பருப்பைக் கடைந்து முடிக்கும்வரை ஆனது. கரிசல் மண் ஈரத்தைப் பிடித்துவைக்கும், மழை இல்லாவிட்டாலும் பருத்தி நிற்கும், கோடையில் வெடிப்பு விடும், அந்த வெடிப்பில் அசோக்குமார் செருப்பு மாட்டிக்கொண்டது. கடைசியில் சொன்னது பாடப் புத்தகத்தில் இல்லை. அசோக்குமார் ஊருக்கு ஒரு தரம் அவர்கள் அப்பா வண்டியில் இவனைத் தூக்கிப் போனார்களே, அங்கே பார்த்தது. இத்தனை மாதம் நான் எழுதிய தாள்களில் அந்தச் செருப்பு வரவே இல்லை பெர்சி. வர எங்கே இடம் இருந்தது. அவன் முதல் சொல்லைப் போட்டதும் மிச்சத்தை நான் போட்டுவிடுவேன். வகுப்பில் இருபத்திரண்டு வருடமாகச் செய்கிற வேலைதானே. ஒரு பிள்ளை வைகை ஆறு என்று எழுந்து திணறினால், உட்கார், வருசநாட்டு மலையில் உற்பத்தியாகிறது என்று முடித்துவைத்து அடுத்த பிள்ளைக்குப் போய்விடுவேன். அன்பாகத்தான் செய்தேன். நீயும் அப்படித்தான் செய்தாய், அப்பாவும் அப்படித்தான், நம் வீட்டில் அவனை யாரும் தவிக்கவிட்டதில்லை. தவிக்கவிடாமலே வளர்த்து, பேனாவைத் தூக்கிவைத்துக்கொண்டு காத்திருக்கிற ஒரு மனிதருக்கு முன்னால் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டோம். அவன் என்ன செய்வான், நமக்குக் காத்திருந்த மாதிரி அவர் வாயைப் பார்த்துக் காத்திருந்தான்.

அன்றிலிருந்து அவன் படிக்கிற நேரத்தில் எனக்கு வீட்டில் இடமில்லை என்று, நடந்ததைக் கேட்ட சத்யப்ரியா சொல்லிவிட்டார். பக்கத்தில் இருந்தால் வாய் சும்மா இருக்காது டீச்சர், கொஞ்சம் வெளியே போய் வாருங்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார், ஆனால் சொன்னது சொன்னதுதான். அதனால் சாயங்காலமானால் அப்பா என்னைத் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கக் கூட்டிப்போகிறார். தெப்பத் திருவிழாக் கூட்டம் அப்போதுதான் வடிந்திருந்தது, தண்ணீர் நிறைய இருந்தது, சுண்டல்காரர்களும் குதிரைவண்டியில் சுற்றுகிற பிள்ளைகளுமாக ஒரே சத்தம். நான் எதையும் பார்க்கவில்லை. இந்நேரம் எந்தக் கேள்வியில் நிற்கிறானோ, எந்தச் சொல்லில் மாட்டிக்கொண்டானோ என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே நடப்பேன். அப்பா என் இடது கையைப் பிடித்துக்கொண்டு, ஆனி, அங்க அவனுக்குக் கேக்காது, என்பார். உன் அப்பா நிறையப் பேசுகிற ஆள் இல்லை, பேசினால் இப்படித்தான்.

(அக்கா, அம்மா வெளியே போனதும் எங்கள் வகுப்பு எப்படி நடக்கும் என்று அம்மாவுக்குத் தெரியாது. அண்ணன் ஒரு வாக்கியத்தை முடிக்காமல் என்னைப் பார்த்தால் நான் என் இஷ்டத்துக்கு முடித்துவிடுவேன். முதல் உலகப் போர் தொடங்கக் காரணம் என்று சொல்லிவிட்டு நிறுத்தினால், அப்பா வைத்த ரசம் என்று எழுதுவேன். பயந்துகொண்டு அவனே முடித்துவிடுவான். கல்வி முறைகளில் இதற்குப் பெயர் என்ன என்று சத்யப்ரியா மிஸ்ஸைக் கேட்டேன், குரங்குச் சேட்டை என்றார்கள். அம்மா, அடைப்புக்குறிக்குள் என்ன எழுதுகிறாய் என்று கேட்காதீர்கள், சொன்னதை எழுதுகிறேன்.)

திருப்புதல் தேர்வு வந்தது. சமூக அறிவியல் அன்றைக்கு நான் விடுப்புப் போட்டுவிட்டேன், ஆனால் பள்ளிக்குள் போகவில்லை, எதிரில் ஜெராக்ஸ் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மற்றப் பிள்ளைகள் எல்லாம் எழுதிவிட்டு வெளியே வந்துவிட்டார்கள். கூடுதல் மணி நேரமும் ஓடிக்கொண்டிருந்தது. அசோக்குமார் மட்டும் வீட்டுக்குப் போகாமல் கேட்டில் சாய்ந்துகொண்டு இருந்தான். கடைசியில் கருத்தக்கண்ணன் சார் இவன் நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு வந்தார். அன்றைக்கு நான் மைதானத்தில் பேசியதற்கு அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவர் வலது கையை உதறிக்கொண்டே, "டீச்சர், ஒங்களுக்குக் கட்டுப் போட்ட ஆஸ்பத்திரி எது. எனக்கும் ஒரு கட்டுப் போடணும். பேசியே கைய ஒடிச்சிட்டான் ஒங்க மகன்," என்றார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்காமல், கடைசிக் கேள்விக்கு நேரமில்லாமல் போய்விட்டது, அது தெரிந்த கேள்வியாம், அதுதான் வருத்தம் என்று தன் பிள்ளைக்கு நடந்த மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்.

முப்பத்தெட்டு. அறிவியலில் அதைவிட இரண்டு குறைவு. கணக்கில் தேறவில்லை, இரண்டு மதிப்பெண்ணில் போனது. என் சிவப்புப் பேனா போட்ட எண்பதுகளை எல்லாம் கட்டிப் பரணில் போட்டுவிட்டேன். இந்த முப்பத்தெட்டில் ஒரு மதிப்பெண்கூட என்னுடையது இல்லை.

வியாழக்கிழமை இன்பசேகரன் சார் எங்களைக் கூப்பிட்டார். நானும் ஜோவும் போனோம், அசோக்குமார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து கதவுக்கு வெளியே நின்றுகொண்டான். சார் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். முன்னேற்றம்தான் டீச்சர், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் இது கரையோர மார்க்கு, பொதுத்தேர்வில் ஒரு கேள்வி சுற்றிவளைத்து வந்தால் விழுந்துவிடும், கணக்கு ஏற்கெனவே விழுந்துகிடக்கிறது, என்ன முடிவு எடுத்தீர்கள் என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் ராத்திரியெல்லாம் யோசித்து ஒரு பேச்சுத் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். சட்டம் என்ன சொல்கிறது, அவன் உரிமை என்ன, எல்லாம் அதில் இருந்தது. வாயைத் திறக்கப் போகும்போது ஜோ "சார், நான்..." என்றான். அடுத்த சொல்லுக்கு மூச்சு வாங்கினான். சார் பொறுக்கமாட்டாமல், வீட்ல இருந்து படிக்கிறியாப்பா, என்று அவனுக்காக முடிக்கப் பார்த்தார். ஜோ தலையை ஆட்டினான். அவர் என்னைப் பார்த்தார், நீங்களாவது சொல்லுங்கள் என்கிற மாதிரி. பெர்சி, நான் சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டேன். என் வாழ்நாளில் ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருப்பதற்கு நான் அவ்வளவு கஷ்டப்பட்டதில்லை.

"சார், நான்... பெயிலானாலும்... இந்த ஸ்கூல்லயே... பெயிலாகுறேன் சார்."

கதவுக்கு வெளியே அசோக்குமார் சிரித்துவிட்டான். சார் அவனை அதட்டப் போனவர் அதட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நான் தயாரித்து வைத்திருந்த பேச்சில் இப்படி ஒரு வரி இல்லை, எனக்கு அது தோன்றியும் இருக்காது. நான் பாஸாவான், பாஸாவான் என்றுதான் அடித்துச் சொல்லியிருப்பேன். அவன் கேட்டது அது இல்லை. பிறகு சார், ஏம்ப்பா பெயிலப் பத்திப் பேசுற, வாய மூடு, என்று சொல்லிவிட்டு, மூடச் சொன்னது தப்பு என்று உடனே தெரிந்து, இல்ல இல்ல, தெறந்தே வையி, என்றார். கருத்தக்கண்ணன் சாரைக் கூப்பிட்டு, இனிமேல் தினமும் கடைசிப் பீரியடில் இவன் சொல்லச் சொல்ல யாராவது ஒருவர் உட்கார்ந்து எழுதட்டும், கணக்குக்கும் சேர்த்து, அவன் நம்ம பையன், நம்ம பள்ளியில்தான் எழுதுவான் என்றார். வெளியே வந்ததும் அசோக்குமார் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றி, மாப்ள, பெயிலாவுறதுன்னா எனக்கு ஒரு நாள் முன்னாடியே சொல்லிரு, நானும் படிக்காம இருந்துக்கிறேன், என்றான். இரண்டு பேரும் வராந்தா முழுக்கச் சிரித்துக்கொண்டே போனார்கள். அவர்களுக்குப் பின்னால் நான் மெதுவாக நடந்து வந்தேன், கண்ணைத் துடைக்கவும் ஒரு கைதான் இருந்தது.

தேர்வு மார்ச் கடைசியில். தேறுவானா என்று எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி உனக்கு எழுதவும் மாட்டேன். கணக்கில் இன்னும் படிகளைச் சொல்லும்போது நடுவில் விட்டுவிடுகிறான். நேரம் போதவில்லை. ஆனால் உட்கார்ந்து சொல்கிறான், அது போதும் இப்போதைக்கு. நீ அங்கே நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு பிள்ளையைப் பார்ப்பாய், கட்டாயம் பார்ப்பாய். தூக்கி உட்காரவை, ஊட்டிவிடு, எல்லாம் செய். பேசும்போது மட்டும் கையைக் கட்டிக்கொண்டு காத்திரு. எனக்கு அது ஐம்பது வயதில் வந்திருக்கிறது, உனக்கு இப்போதே வரட்டும்.

இன்னொன்று. இதுவரை நான் எழுதிய கடிதம் ஒவ்வொன்றிலும் கடைசியில், ஜோ தனக்காக ஜெபம் செய்துகொள்ளச் சொன்னான் என்று ஒரு வரி இருக்கும். பக்கத்தில் உட்காரவைத்து, அக்காவுக்கு என்ன எழுத என்று கேட்பேன், அக்கா எனக்கு என்று ஆரம்பிப்பான், நான் அப்படி எழுதிவிடுவேன். இன்றைக்கும் கேட்டேன். அக்கா எனக்கு, என்றுதான் ஆரம்பித்தான். ஆன்மேரி பேனாவைத் தூக்கிவைத்துக்கொண்டு காத்திருக்கிறாள், அப்பா அடுக்களைக் கதவில் கரண்டியோடு நிற்கிறார், நானும் காத்திருக்கிறேன். அவன் சொன்னதை மட்டும் அப்படியே எழுதச் சொல்கிறேன்.

அக்கா. எனக்கு. ஒன்னயத்தான். தேடுது. ஜெபமெல்லாம். பரீட்சைக்கு வேணாம். படிச்சிக்கிறேன். நீ சாப்டியா.

(அக்கா, இந்த இடத்தில் நான் எதுவும் சேர்க்கவில்லை.)

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும், மாதா உன் கூடவே நடக்கட்டும், உன் தலையில் அம்மாவின் இரண்டு கையும் இருக்கிறது, கட்டுப் போட்டதும் சேர்த்து. மறந்துவிடாதே, பதில் எழுதும்போது ஜோவுக்கென்று தனியாக ஒரு கேள்வி கேட்டு எழுது. என்ன சொல்வான் என்று நீயாக நினைத்துக்கொள்ளாதே. எவ்வளவு நேரமானாலும் காத்திருந்து வாங்கி அனுப்புகிறோம்.

உன்னை நினைத்தபடி இருக்கும்,
அம்மா ஆனிமேரி (சொன்னது)
ஆன்மேரி (எழுதியது)
ஜெரால்ட் அப்பா (நின்று கேட்டது)